கூப்பிடாமல் பிள்ளைகளை வரவைப்பது எப்படி

திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் என் வீட்டு முன்னறையில் தினமும் ஆறு பிள்ளைகள் இருக்கிறார்கள். சின்னவனுக்கு ஒன்றரை வயது, பெரியவளுக்கு நாலரை. காலை எட்டே கால் மணிக்கு அவர்களை விட்டுவிட்டு அம்மாவும் அப்பாவும் எட்டரை ஷிப்டுக்கு ஓடுவார்கள். சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் நாலு பேர் கிளம்பிவிடுவார்கள். ஒன்றரை ஷிப்ட் பார்க்கிற வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் ராத்திரி எட்டரை வரைக்கும் என்னோடுதான். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-இலேயே திருத்தம் வந்துவிட்டது. ஆனால் என்னிடம் பிள்ளையை விடுகிறவர்கள் பெரிய கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுக்கிற, பத்துப் பதினைந்து பேர் மட்டும் இருக்கிற ஜாப் ஒர்க் யூனிட்களில் வேலை செய்கிறவர்கள். அவர்களுக்கு அந்தச் சட்டம் எட்டாது.

பனியன் கம்பெனியில், துணியில் குறை இருக்கிறதா என்று பார்க்கிற செக்கிங்கில் பதினான்கு வருடம் நின்றே வேலை பார்த்தேன். முழங்கால் வலி வந்த பிறகு வீட்டோடு இருந்து பிள்ளை பார்க்க ஆரம்பித்தேன், ஒன்பது வருடம் ஆகிவிட்டது. இதே வேலையை ஆரம்பிக்கிற பெண்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான். “அக்கா, என்ன எடுத்து வச்சாலும் அஞ்சு நிமிசத்துல எந்திரிச்சுப் போயிருதுங்க. எப்படித்தானுங்க உக்கார வைக்கறது?” அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் வருடம் நானும் அப்படித்தான் திணறினேன். படம் போட்ட சார்ட், கிரேயான், வண்ணம் தீட்டும் நோட்டு எல்லாம் வாங்கி வைத்தேன். பத்து மணி ஆனதும், “எல்லாரும் வாங்க சாமி, கலர் அடிக்கலாம்” என்று கூப்பிடுவேன். வருவார்கள். ஒருவன் கிரேயானைக் கடிப்பான், ஒருத்தி இரண்டு கோடு போட்டுவிட்டு ஜன்னலுக்குப் போய்விடுவாள். தெருவில் பாத்திரப் பட்டறைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தத் தட்டல் சத்தத்துக்கு முன்னால் என் நோட்டு எடுபடவில்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டு என் தொண்டைதான் வற்றிப்போனது.

ஒரு நாள் மதியச் சமையல் தாமதமாகிவிட்டது. அரிசிம்பருப்புச் சோறு ஆக்க வேண்டும். அவசரத்தில் சார்ட்டை எல்லாம் ஒதுக்கிவிட்டு, முறத்தில் அரைக்கிலோ சின்ன வெங்காயத்தைக் கொட்டி, அறை நடுவில் பாயைப் போட்டு உரிக்க உட்கார்ந்தேன். யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிட எனக்கு நேரமே இல்லை.

முதலில் மூன்று வயதுக்காரி வந்து எதிரில் குத்த வைத்து உட்கார்ந்தாள். என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு வெங்காயத்தை எடுத்து மோந்து பார்த்தாள், மூக்கைச் சுளித்தாள், ஆனால் கீழே வைக்கவில்லை. நகத்தால் வாலைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. நான் ஒன்றை எடுத்து, அவளுக்குத் தெரிகிற மாதிரி மெதுவாக அந்த வாலைத் திருகினேன். அவளும் திருகினாள். தோல் ஒரு சுற்று கழன்று வந்தது. அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு உஃப் என்று ஊதினாள். காய்ந்த தோல் பறந்ததைப் பார்த்து இன்னொருவன் ஓடி வந்தான். அவனுக்கு உரிப்பதில் ஆசை இல்லை, ஊதுவதுதான் வேண்டும். சின்னவன் உரித்த வெங்காயத்தை ஒவ்வொன்றாக எடுத்துப் போசியில் போட்டு, அது டங் என்று விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். மணி பார்த்தபோது முப்பத்தைந்து நிமிடம் போயிருந்தது. சமையல் தாமதமானது தாமதமானதுதான். ஆனால் இந்த வேலைக்கு அன்றைக்குத்தான் எனக்குக் கண் திறந்தது.

நான் சொல்ல வருவது இதுதான். பிள்ளையைக் கூப்பிடாதீர்கள். வேலையை நீங்கள் ஆரம்பியுங்கள். அவர்கள் கண்ணில் படுகிற இடத்தில், நிஜமாகவே அதில் மனம் வைத்துச் செய்யுங்கள். அப்புறம், அவர்களுக்கு ஆசை தீருவதற்குள் எடுத்து வையுங்கள். இந்த இரண்டு முனைக்கும் நடுவில் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது.

ஆரம்பிக்கும் விதம்

பாயைச் சுவரோரம் போடாதீர்கள். பிள்ளைகள் நடந்து போகிற வழியில், ஆனால் மிதிபடாத இடத்தில் போடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்தால் உங்கள் மடியில் நடப்பது அவர்களுக்குத் தெரியாது, அதனால் தரையில் உட்காருங்கள். எனக்கு முழங்கால் மடங்காது, ஆறு அங்குல மனைப்பலகை ஒன்று வைத்திருக்கிறேன், அதுவே போதும். உங்களுக்கு ஒரு செட் சாமான், பக்கத்தில் சும்மா கிடக்கிற மாதிரி இன்னும் இரண்டு செட். “இந்தா, நீயும் செய்” என்று நீட்ட வேண்டாம். அவன் கை தானாக அந்தச் சாமானுக்குப் போகும்வரை பொறுங்கள். சில நாள் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடமும் நீங்கள் உங்கள் வேலையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஓரக்கண்ணால் அவன் வருகிறானா என்று பார்த்துக்கொண்டு செய்தால் பிள்ளைக்குத் தெரிந்துவிடும். எப்படித் தெரிகிறது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, ஆனால் தெரிந்துவிடும்.

வாயால் விளக்காதீர்கள். கை வேகத்தைக் குறைத்துக் காட்டுங்கள். பேசிக்கொண்டே செய்தால் உங்கள் வாயைப் பார்ப்பதா கையைப் பார்ப்பதா என்று பிள்ளை குழம்பிப்போகும். செக்கிங் டேபிளில் புதிதாக வரும் பெண்ணுக்கும் நான் இப்படித்தான் காட்டுவேன். துணியைத் திருப்பி, தையலை விரித்து, நிறுத்தி, அப்புறம் அடுத்தது.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் இருக்கிறார். நான் செய்வதைப் பார்த்துவிட்டு அவர் ஒரு விஷயம் சொன்னார். மரியா மாண்டிசோரி என்ற இத்தாலி நாட்டு அம்மையார் 1939-இல் இந்தியா வந்து, சென்னை அடையாறில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவராம். ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றில் ஊற்றுவது, துடைப்பது, பித்தான் போடுவது போன்ற வீட்டு வேலைகளைத்தான் அவர் சின்னப் பிள்ளைகளின் படிப்புக்கு அடித்தளமாக வைத்தாராம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒரு தெம்பு. வெங்காயம் உரிக்க வைக்கிறோமே, பெற்றோர் தப்பாக நினைப்பார்களோ என்ற தயக்கம் போய்விட்டது.

எந்த நேரத்தில்

ஒரு நாளைக்கு ஏற்பாடு செய்த வேலை ஒன்று போதும். இரண்டாவது ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், வெளியே எடுக்க வேண்டாம். எட்டரை முதல் ஒன்பதரை வரை எதையுமே வைக்காதீர்கள். அம்மா போன துக்கம் அடங்குகிற நேரம் அது. பழகிய கூடை ஒன்று, பழகிய பாட்டு ஒன்று, மடி. அவ்வளவுதான். ஒன்பதரைக்கு வாசலில் ஓட்டம், வெயில் ஏறுவதற்குள் உள்ளே. ஒன்று முதல் நாலு வயது வரைக்கும் ஒரு நாளில் மொத்தம் மூன்று மணி நேரமாவது பிள்ளை உடம்பை அசைத்து விளையாட வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு 2019-இல் சொல்லியிருக்கிறது. ஓடியாடாத பிள்ளை உட்காரவும் மாட்டான், இது என் அனுபவத்தில் அப்படியே உண்மை. பத்தேகாலுக்கு வாழைப்பழமோ சத்துமாவு உருண்டையோ. பத்தரைக்குத்தான் நம் வேலை. வயிறு நிறைந்து, கால் களைத்து, தூக்கம் இன்னும் வராத அந்த முக்கால் மணி நேரம்தான் தங்கமான நேரம்.

எவ்வளவு நேரம் நீடிக்கும் என்று கேட்பார்கள். நானே கடிகாரம் பார்த்துக் குறித்து வைத்த கணக்கு இது. புதிதாகக் காட்டும் ஒரு பொருளோடு ஒன்றரை வயதுப் பிள்ளை இரண்டு மூன்று நிமிடம், இரண்டரை வயது ஐந்தாறு நிமிடம், நாலு வயது கால் மணி நேரம். ஆனால் அதே ஒன்றரை வயதுக்காரன் தண்ணீர் ஊற்றும் வேலையில் நாற்பது நிமிடம் இருந்திருக்கிறான். அதனால் வயதை வைத்து மட்டும் முடிவு கட்டாதீர்கள். பொருளில் ஏதாவது மாறிக்கொண்டே இருந்தால் பிள்ளை இருப்பான். தண்ணீர் நிறையும், வழியும், சத்தம் மாறும். கலர் அடிக்கும் நோட்டில் என்ன மாறுகிறது?

சாமான்கள்

கடையில் எதையும் வாங்க வேண்டாம். நம் ஊரில் கிடைப்பதே ஏராளம். நூல் சுற்றி வரும் காலி காகிதக் கோன் பழைய சாமான் கடையில் எடைக்குக் கிடைக்கும். ஒரு சாண் உயரம், ஒன்றின் மேல் ஒன்று செருகும், கீழே விழுந்தாலும் யாருக்கும் அடிபடாது, நுனியில் வண்ணக் கோடு இருக்கும். என்னிடம் அறுபது கோன் இருக்கிறது. என் வீட்டில் அதைவிட நல்ல பொம்மை ஒன்றும் இல்லை. பனியன் வேஸ்ட்டில் கலர் கலராகத் துண்டுகள் கிடைக்கும். இரண்டு தடவை அலசி, சாயம் ஒட்டவில்லை என்று உறுதி செய்துகொண்டு, வெயிலில் காய வைத்து, பஞ்சை உதறிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். அப்புறம் எங்கள் ஊர்ப் பாத்திரம். பட்டறையில் நெளிந்துபோன சின்னப் பித்தளைச் சொம்பு இரண்டு கொடுத்தார்கள். விளிம்பில் கூர் இல்லாமல் தட்டி வாங்கிக்கொண்டேன்.

சேர்க்கக் கூடாதவற்றை இன்னும் கவனமாகக் கேளுங்கள். பாலி பேக் (பிளாஸ்டிக் பை) எந்தக் காரணத்துக்கும் பிள்ளைகள் அறைக்குள் வரக் கூடாது, முகத்தில் போட்டுக்கொண்டால் மூச்சு நின்றுவிடும். பட்டன், மணி, காந்தத் துண்டு, பட்டன் பேட்டரி வேண்டாம். மூன்று வயதுக்குள் இருப்பவர்கள் உள்ள வீட்டில், ஒன்றேகால் அங்குல அகலக் குழாய்க்குள் நுழைகிற எதுவும் ஆபத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்ன வெங்காயமும் அதில் சேர்த்திதான், மூன்று வயதுக்கு மேல் உள்ளவர்களுக்கு மட்டும். தண்ணீர் விளையாட்டில் இரண்டங்குலத் தண்ணீர்கூடப் பிள்ளை மூழ்கப் போதும். தண்ணீர் வைத்திருக்கும் பேசின் பாத்திரத்தை விட்டு ஒரு எட்டுகூட நகராதீர்கள். யாராவது கேட்டைத் தட்டினால் முதலில் தண்ணீரைக் கொட்டிவிட்டு எழுந்திருங்கள்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். இரண்டாவது வருடம் தட்டைப்பயறை ஊற்றி விளையாடக் கொடுத்தேன். சொம்பிலிருந்து சொம்புக்குச் சரசரவென்று விழும், எல்லோருக்கும் பிரியம். இரண்டு வயதுப் பையன் ஒரு பயறை மூக்கில் தள்ளிவிட்டான். அவன் அழவில்லை, அதனால் எனக்கு உடனே தெரியவில்லை. பெரியவள்தான் வந்து, “அம்முச்சி, தம்பி மூக்குல பயறு” என்றாள். பாட்டி என்கிற அர்த்தத்தில் பிள்ளைகள் என்னை அம்முச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்குக் கை நடுங்கிவிட்டது. ஊக்கு எடுத்து நெண்டிவிடலாம் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். விடவில்லை. நெண்டினால் இன்னும் உள்ளே போகும், பயறு நனைந்து ஊறினால் பெருத்துவிடும். அவன் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு, மற்ற பிள்ளைகளைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு, ஆட்டோ பிடித்து டாக்டரிடம் தூக்கிப் போனேன். எடுத்துவிட்டார்கள். அந்த அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. அன்றிலிருந்து மூன்று வயதுக்குக் கீழே ஒருவர் இருந்தாலும் என் வீட்டில் பயறு கிடையாது, தண்ணீர்தான். நல்ல தண்ணி நாள் விட்டு நாள் வருகிற ஊர் என்பதால் உப்புத் தண்ணியில் விளையாட்டு. முடிந்ததும் அந்தத் தண்ணீரைப் பிள்ளைகளே சொம்பில் மொண்டு கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுவார்கள். அது இன்னொரு பத்து நிமிடம்.

எல்லாச் சாமானையும் ஒரே நாளில் கொட்டி வைக்காதீர்கள். மூன்று கூடையாகப் பிரித்து, ஒன்று மட்டும் வெளியே, இரண்டு அலமாரி மேலே. வாரம் ஒரு தடவை மாற்றுங்கள். இரண்டு வாரம் கண்ணில் படாத கோன் திரும்ப வரும்போது புது கோன்தான்.

ஒன்றரைக்கும் நாலரைக்கும் ஒரே பாய்

வயது கலந்து இருப்பதுதான் நம் மாதிரி வீடுகளில் பெரிய சிரமம் என்று நினைக்கிறோம். எனக்கு இப்போது அது பெரிய உதவி. ஒரே சாமான், மூன்று விதமான வேலை என்று யோசியுங்கள். கோன் என்றால் சின்னவனுக்கு அதைக் கையில் மாட்டிக்கொள்வதும், கட்டியதைத் தட்டிவிடுவதும். இரண்டரை வயதுக்காரர்களுக்கு அடுக்குவது. பெரியவளுக்கு நுனி நிறம் பார்த்துப் பிரித்து எண்ணுவது. தட்டிவிடுகிறவனுக்கும் அடுக்குகிறவளுக்கும் சண்டை வரத்தான் செய்யும். நான் பாயின் நடுவில் ஒரு துப்பட்டாவைக் கயிறு மாதிரி போட்டுவிடுவேன். இந்தப் பக்கம் கட்டுவது, அந்தப் பக்கம் தட்டுவது. கட்டி முடித்தவள் தானாகவே, “தம்பி, இது உனக்கு” என்று ஒரு கோபுரத்தை அந்தப் பக்கம் தள்ளி வைக்க ஆரம்பித்தாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

பாஷை வேறாக இருக்கும் பிள்ளைகளும் இப்போது நிறைய வருகிறார்கள். ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்துப் பையன், மூன்று வயது. மூன்று வாரம் ஒரு வார்த்தை பேசவில்லை, வாசற்படியிலேயே உட்கார்ந்திருப்பான். நான் பேசின் எடுத்து வந்து தண்ணீர் ஊற்ற ஆரம்பித்த ஒரு நாள், எழுந்து வந்து பக்கத்தில் நின்று “பாணி” என்றான். “ஆமா சாமி, பாணி. தண்ணி” என்றேன். மற்ற பிள்ளைகளும் அன்றைக்கு முழுக்கப் பாணி பாணி என்றே சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். தன்னுடைய வார்த்தையை எல்லோரும் சொல்வதைக் கேட்டு அவன் முகம் மலர்ந்தது. இப்போது அவன் அம்மாவிடம் வாரம் இரண்டு சொல் கேட்டு, நான் தமிழில் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்கிறேன். பிள்ளைக்குப் பொருள் பிடித்திருந்தும் பாயில் வந்து உட்காரவில்லை என்றால், சில சமயம் அவனுக்கு அங்கே ஒரு சொல்கூடச் சொந்தமாக இல்லாததுதான் காரணம்.

எழுந்து போனால்

போகட்டும். இழுத்து உட்கார வைத்தால் நாளைக்கு அந்தப் பாயைப் பார்த்ததுமே ஓடுவான். ஆனால் ஏன் போனான் என்று மட்டும் பார்த்து வையுங்கள். துணியில் ஓட்டை தேடிய கண் எனக்கு இதில் உதவுகிறது. கண்ணைக் கசக்கிக்கொண்டோ காதைப் பிடித்து இழுத்துக்கொண்டோ போனால் தூக்கம். சாமானை விட்டுவிட்டு அடுப்படிப் பக்கம் போனால் பசி. இரண்டு மூன்று தடவை முயன்றுவிட்டு வீசி எறிந்தால் வேலை அவனுக்குக் கஷ்டமாக இருக்கிறது. உடனே ஒரு படி இறக்குங்கள். வெங்காயத்துக்கு நுனியை நீங்களே வெட்டி வையுங்கள், சொம்பில் தண்ணீரைப் பாதியாகக் குறையுங்கள். சிரித்துக்கொண்டே வீசினால் அது வேறு. வீசுவதுதான் அன்றைக்கு அவனுக்குத் தேவை. பனியன் துணியைப் பந்தாகச் சுற்றி ஒரு கூடையில் போட்டு வைத்திருக்கிறேன், அதை எடுத்து வாசலில் வைத்துவிடுவேன். வீசி முடித்துவிட்டு அவனே வருவான்.

ஒன்றும் இல்லாமல் மெல்ல நகர்ந்தால் சலிப்பு. அப்போது புதிதாக இன்னொரு விளையாட்டைக் கொண்டுவராதீர்கள், அதே வேலையில் ஒன்றே ஒன்றை மாற்றுங்கள். தண்ணீரில் ஒரு சிட்டிகை மஞ்சள் போடுங்கள். பித்தளைச் சொம்புக்குப் பதில் எவர்சில்வர் டம்ளர் வையுங்கள், சத்தம் மாறும். பாயைக் கட்டிலுக்கு அடியில் போடுங்கள். அதற்கும் வரவில்லையா, சரி, எடுத்து வையுங்கள். அந்த நாளோடு அது முடிந்தது.

எடுத்து வைப்பதைப் பற்றி ஒன்று அழுத்திச் சொல்கிறேன். பிள்ளை நன்றாகச் செய்துகொண்டிருக்கும்போது நீங்களாகப் பிடுங்காதீர்கள். ஆனால் கை வேகம் குறைகிறது, பார்வை அலைகிறது என்று தெரிந்த அந்த நொடியில், சலிப்பு வருவதற்குள், “இன்னும் மூணு தடவை ஊத்திட்டு வைக்கலாமுங்களா கண்ணு?” என்று கேளுங்கள். நம் பக்கம் பிள்ளைகளிடமும் ‘ங்க’ போட்டுப் பேசுகிற வழக்கம் இருக்கிறதே, அதில் ஒரு அழகு உண்டு. அதட்டலாக இல்லாமல் கேட்கிற மாதிரி இருக்கும், பிள்ளையும் பெரிய மனுசன் மாதிரித் தலையாட்டுவான். மூன்று தடவையையும் சேர்ந்தே எண்ணுங்கள். எடுத்து வைப்பதும் அவன் கையாலேயே. மறுநாள் காலையில் கதவுக்குள் நுழைந்ததும் “சொம்பு எங்கீங்க அம்முச்சி?” என்று கேட்டால் நீங்கள் சரியான நேரத்தில் எடுத்து வைத்தீர்கள் என்று அர்த்தம்.

செய்யும்போது சும்மா சும்மா “சூப்பர்” போடாதீர்கள். அப்படிச் சொன்னால் பிள்ளை வேலையை விட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கும். சொல்லத்தான் வேண்டுமென்றால் கண்ணில் தெரிவதைச் சொல்லுங்கள். “விளிம்பு வரைக்கும் வந்துருச்சு, சிந்தவே இல்ல.” அது போதும்.

காலத்தோடு சேர்த்து

வருடம் முழுக்கப் புதிது புதிதாக யோசிக்க வேண்டாம், காலமே கொண்டுவந்து கொடுக்கும். ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று நம் பக்கம் எப்படி அடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த இரண்டு மாதமும் வாசலில் காகித வேலை வைக்காதீர்கள், பறந்துபோய்ப் பிள்ளைகள் அழுவார்கள். அந்தக் காற்றையே விளையாட்டாக்குங்கள். பனியன் துணியை ஒரு விரல் அகலத்துக்கு நாடாவாகக் கிழித்து, சுள்ளியில் கட்டிக் கொடுத்தால் போதும், காற்று அதைத் துடிக்க வைக்கும். இழுத்துவிட்டால் பனியன் நாடா தானாகச் சுருண்டுகொள்வதைப் பார்ப்பதே அவர்களுக்கு ஒரு வேடிக்கை. நாடா ஒரு சாணுக்கு மேல் வேண்டாம், கழுத்தில் சுற்றக் கூடாது.

பொங்கலுக்கு முந்தின நாள் காப்புக்கட்டு. பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை மூன்றையும் முந்தின நாளே வாங்கி வந்து பாயில் போட்டுவிடுவேன். மென்மையான பூளைப்பூவைக் கன்னத்தில் தேய்த்துக்கொள்வார்கள், வேப்பிலையைக் கிள்ளி நாக்கில் வைத்துவிட்டுத் துப்புவார்கள். மூன்றையும் சேர்த்துக் கொத்தாகப் பிடித்துத் தருவது அவர்கள் வேலை, கட்டுவது என் வேலை. பிள்ளை தான் பிடித்த கொத்தை வீட்டுக்கு எடுத்துப் போய் நிலையில் செருகச் சொல்வான்.

மாரியம்மன் நோம்பி சமயத்தில் முளைப்பாரி பார்த்துவிட்டு வந்த பிள்ளைகளுக்காகத் தயிர்க் கப்பில் பச்சைப்பயறு போட ஆரம்பித்தேன். ஊற வைத்து மண்ணில் போடுவது நானும் பெரியவளும் மட்டும், சின்னவர்கள் தூங்கும்போது. ஒவ்வொரு கப்பிலும் ஒரு பிள்ளையின் துணி நாடா, அவரவர் நிறம். இரண்டு நாளில் வெள்ளை முளை தெரியும், நாலைந்து நாளில் இலை விரியும். ஒரு வாரத்துக்குக் காலையில் அழுகையே குறைந்துவிடுகிறது. அம்மா கையை விட்டதும் நேராகக் கப்பிடம் ஓடுகிறார்கள். ஒரே நாளில் முடிந்துவிடாத வேலை ஒன்றாவது எப்போதும் நடந்துகொண்டிருக்கட்டும் என்று இதற்குப் பிறகுதான் வைத்துக்கொண்டேன்.

பெற்றோரும் போனும்

தாராபுரம் பக்கத்திலிருந்து வந்து தைக்கிற ஒரு பெண் கேட்டாள், “அக்கா, புள்ளைக்கு ஏபிசிடி எழுதச் சொல்லித் தர்றீங்களாங்க? பக்கத்து வீட்டுப் பையன் எழுதறானுங்க.” பாவம், அவள் கவலை நியாயமானது. நான் அவள் பிள்ளை வெங்காயம் உரிப்பதை, ஈரத் துணி பிழிவதைக் காட்டினேன். “பென்சில் பிடிக்கறதுக்கு முன்னாடி விரல்ல தெம்பு வேணும் கண்ணு. அது இதுலதான் வருது. அவன் பிழியறதைப் பாரு, சொட்டு விடாமப் பிழியறான்.” பத்து நிமிடம் நின்று பார்த்தாள். அதன் பிறகு கேட்கவில்லை. சனிக்கிழமை சம்பளம் வாங்கிவிட்டு வரும்போது வீட்டுக்கும் கால் கிலோ சின்ன வெங்காயம் சேர்த்து வாங்கிப் போகிறாள், அவனுக்கென்று. பெற்றோருக்கு வாயால் சொல்வதைவிட இப்படி நிற்க வைத்துக் காட்டுங்கள். முடிந்தால் வாரம் ஒரு தடவை.

போன் விஷயத்தில் நான் கண்டிப்பு. உலக சுகாதார அமைப்பின் அதே 2019 வழிகாட்டுதலில், இரண்டு வயது ஆகும்வரைக்கும் திரையே வேண்டாம், இரண்டு முதல் நாலு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்று இருக்கிறது. அந்த ஒரு மணி நேரத்தை வீட்டிலேயே பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள், அதனால் என்னிடம் கிடையாது. புதிதாக வரும் பிள்ளை முதல் வாரம் போன் கேட்டு அழும். அந்த வாரம் மட்டும் நான் வேறு எதையும் திட்டமிடாமல், அந்தப் பிள்ளையைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு வீட்டு வேலையைச் செய்வேன். துவைத்த துணியை உதறுவது, கீரை ஆய்வது. ஆறாவது ஏழாவது நாள் அடங்கும்.

ஆசை வருவது பொழுது சாய்ந்த பிறகுதான். ஆறு மணிக்கு மேல் இரண்டே பேர், எனக்கும் களைப்பு, போனைக் கொடுத்தால் எட்டரை வரைக்கும் நிம்மதி என்று மனம் சொல்லும். அந்த நேரத்துக்கென்று ஒரு வேலையை ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள், பகலில் அதைத் தொடக் கூடாது. என் வீட்டில் அது துணி மடிப்பது. பனியன் துண்டுகளை நாலாக மடித்து நிறம் நிறமாக அடுக்குவது. அவர்கள் அம்மாக்கள் பகல் முழுக்கத் துணியோடு இருப்பவர்கள், அது பிள்ளைகளுக்குத் தெரியும். “எங்கம்மா இப்படித்தான் மடிக்கும்” என்று சொல்லிக்கொண்டே ஓரத்தை ஓரத்தோடு சேர்த்து, உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து மடிப்பார்கள்.

நேற்று இரவு எட்டே முக்கால் ஆகிவிட்டது அந்தத் தாராபுரத்துப் பெண் வர. தலைமுடியெல்லாம் பஞ்சு. பையன் தூக்கக் கலக்கத்தில் எழுந்து நின்று, அடுக்கியதில் மேலாக இருந்த மஞ்சள் துண்டை எடுத்துக்கொண்டு போனான். அம்மாவைக் குனியச் சொல்லி, அந்தத் துணியால் தலையிலிருந்த பஞ்சைத் துடைத்துவிட்டான். பிறகு திரும்பி வந்து, துண்டை நாலாக மடித்து, மஞ்சள் அடுக்கின் மேல் வைத்துவிட்டுத்தான் செருப்புப் போட்டான்.